ஐந்து போட்டால் போதும்

நெவில் ஹெப்வொர்த்துக்கு வந்த கடிதம் அவரை வாழ்த்தியது. உளவியல் சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து மாதமும் வீணாகாமல், சிகிச்சைக்குத் தகுந்தவராக அவரை ஆக்க, 'நலமாகக் காத்திருத்தல்' என்ற ஆயத்த வகுப்பை மருத்துவமனை நடத்துகிறது. வகுப்பில் இடம் கிடைக்க ஏழு வாரம் ஆகும். அந்த ஏழு வாரத்தை எப்படிக் கழிப்பது என்று ஒரு சிறு புத்தகம் இணைக்கப்பட்டிருந்தது. அட்டையில் ஒரு வாத்து.

நெவில் அதை இரண்டு முறை படித்தார். ஆல்டர்ஷா நகரில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். வீட்டுக்கு வந்த எந்தத் தாளையும் படிக்காமல் விட்டதில்லை. வாழ்க்கையில் அவர் பிரிக்காமல் விட்ட உறை ஒன்றே ஒன்றுதான்.

வயதான எல்லோருக்கும் தபாலில் வருகிற உறை அது. உள்ளே ஒரு சின்னக் குப்பி, மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. குச்சியால் மலத்தைத் தொட்டு, குப்பியை மூடி, தேதி எழுதி, திருப்பித் தபாலில் போட வேண்டும். குடலில் புற்று இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டு வருடம் முன்பு கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. லொரெய்ன் தன்னுடையதை, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

நெவிலால் முடியவில்லை. குச்சிகூடப் பரவாயில்லை. அந்தச் சிவப்புத் தபால் பெட்டிதான். அதற்குள் அக்கம்பக்கத்தாரின் பிறந்தநாள் அட்டைகள் கிடக்கும். அவற்றின் மேல் தன்னுடையது போய் விழுவதை நினைத்தாலே அவருக்குக் காது சிவந்தது.

"அனுப்பிட்டியா நெவ்?"

"வேலைக்குப் போற வழியில போட்டுட்டேன்."

உறை, அடுப்படி டிராயரில் பழைய பஸ் கால அட்டவணைகளுக்கு அடியில் போனது. பிறகு வந்த நினைவூட்டல் கடிதமும் அங்கேயே போனது.

இப்போது அவர் குடலில் ஓரடி நீளத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். நோய் கல்லீரலுக்கும் போயிருந்தது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சிருந்தா ரொம்பச் சின்ன விஷயம்" என்றார் அறுவை மருத்துவர்.

"அனுப்பினாரே!" என்றார் லொரெய்ன். "நான் கேட்டேன், போட்டுட்டேன்னு சொன்னாரே. அங்க யாரு தூங்கிட்டிருந்தாங்க?"

மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தார். நெவில் தன் ஷூவைப் பார்த்தார்.

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நெவில் செவிலியிடம் மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்."

செவிலி பதறிப் போனார். "என்கிட்ட வேண்டாம்! அதுக்குன்னே ஆள் இருக்காங்க." உடனே ஒரு படிவம் நிரப்பினார். அப்படித்தான் அந்த வாழ்த்துக் கடிதம் வந்தது.

வகுப்பு, முன்பு சக்கர நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையில் நடந்தது. ஏழு நோயாளிகள். நடத்தியவள் இமோஜன். வயது இருபத்து நான்கு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு ஐந்தாறு பொத்தான் பேட்ஜ்கள். மேசையில் ஒரு சின்னப் பித்தளை மணி.

"இங்க ஒரே ஒரு விதிதான்" என்றாள். "உங்க மனசுல இருக்கற விஷயத்தை இங்க சொல்லக் கூடாது. அது சிகிச்சைக்கு உரியது. நாம விஷயத்தைச் சொல்றதுக்குத் தயார் மட்டும்தான் பண்றோம். யாராவது விஷயத்துக்குள்ள போயிட்டா நான் மணி அடிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

பிறகு படிவம். 'கடந்த வாரம் உங்கள் வேதனையின் அளவு என்ன? பூஜ்யம் முதல் பத்து வரை.' நெவில் யோசித்து எட்டைச் சுற்றி வட்டம் போட்டார்.

பக்கத்து நாற்காலியில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி. டோரீன். சந்தை ரோட்டு மீன் கடையில் நாற்பது வருடம் மீன் வறுத்தவர். எட்டிப் பார்த்தார்.

"அழி, அழி. எட்டா போடுவாங்க?"

"உண்மைங்க அது."

"உண்மையை யாரு கேட்டா? ஏழுக்கு மேல போட்டா நீ நிலையா இல்லன்னு அவசரப் பிரிவுக்குத் தள்ளிடுவாங்க. அவசரத்துக்குப் பதினாலு மாசம் ஆகும்."

"அப்ப மூணு?"

"மூணு போட்டா, நல்லாத்தான் இருக்க, வீட்டுக்குப் போன்னுடுவாங்க. அஞ்சு போடு கண்ணு. அஞ்சு போட்டாப் போதும். செத்துட்டிருந்தாலும் அஞ்சுதான்."

தன் அழிப்பானையும் கொடுத்தார். அது எல்லோரிடமும் போய் வந்தது. இமோஜன் படிவங்களை வாங்கிப் பார்த்து, இந்தக் குழுவில் ஓர் அபூர்வமான சமநிலை இருப்பதாகச் சொன்னாள்.

வீட்டில் லொரெய்ன் கேட்டார். "என்ன மார்க் போட்ட?"

"அஞ்சு."

"பரவாயில்லையே. நானா இருந்தா கொதிச்சுப் போயிருப்பேன். உன் சார்பா நான்தான் கொதிக்கணும் போல." மேசையில் ஆறு பக்கத்துக்கு ஒரு கடிதம் இருந்தது. மாவட்டப் பரிசோதனைக்கூடத்தின் மீது புகார். "கீழ கையெழுத்துப் போடு."

நெவில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடி வேணுமா?"

"வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தையும் லொரெய்ன்தான் தெருமுனைக்குக் கொண்டுபோனார். தபாலில் போடும் வேலையை இந்தத் தடவை கணவரிடமே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் வாரம் எல்லோருக்கும் ஆளுக்கொரு காலி பிஸ்கட் டப்பா கொடுத்தார்கள். விஷயத்தை ஒரு தாளில் எழுதி அதில் போட்டு மூடி, வாராவாரம் கொண்டுவர வேண்டும். உளவியலர் முன்னால்தான் திறக்கலாம். நெவில் எழுதவில்லை. வீட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறக்காமல் லொரெய்ன் இருக்கமாட்டார். அதனால் காலி டப்பாவையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இமோஜன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"ரொம்பக் கனமா இருக்கு, இல்ல நெவில்?"

"ஆமாம்" என்றார் நெவில். இது இரண்டாவது பொய் என்று கணக்குப் போட்டார். கையெழுத்தையும் சேர்த்தால் மூன்று.

மூன்றாம் வாரம், எதிரே இருக்கும் டிஷ்யூ பெட்டியிலிருந்து அவசரப்படாமல் ஒரு தாளை உருவும் பயிற்சி. அந்த வாரம் பெட்டி வரவில்லை. இருப்பதாக நினைத்து உருவினார்கள்.

நான்காம் வாரம் நாற்காலிப் பயிற்சி. காலி நாற்காலி ஒன்றை எதிரே போட்டு, அதில் உளவியலர் இருப்பதாக எண்ணிப் பேச வேண்டும். நெவில் முறை வந்தது. நாற்காலியின் முதுகு சிவப்பு பிளாஸ்டிக். தபால் பெட்டியின் நிறம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் என் பெண்டாட்டிகிட்ட ஒரு பொய்..."

மணி அடித்தது.

"நெவில், அது விஷயம்."

"நாற்காலிகிட்டதானே சொல்றேன், கண்ணு."

"நாற்காலிக்கு அதுக்கான பயிற்சி இல்ல" என்றாள் இமோஜன் பரிவாக. "'எனக்கு ஒரு விஷயம் இருக்கு'ங்கற வரைக்கும் வரலாம். அங்க நின்னுக்கணும்."

நெவில் அங்கேயே நின்றார். எனக்கு ஒரு விஷயம் இருக்கு. எனக்கு ஒரு விஷயம் இருக்கு. ஏழு முறை சொல்லவைத்தார்கள். ஏழாவது முறை குரல் உடைந்தது. இமோஜன் தன் ஏட்டில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

"என்னப்பா, யாரையாவது கொலை பண்ணிட்டியா?" என்றார் டோரீன், தேநீர் இடைவேளையில்.

"அப்படியெல்லாம் இல்ல."

"இருந்தாச் சொல்லிடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு நேரமும் இல்ல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நெவில் வாயைத் திறந்தார். அதற்குள் மணி. இடைவேளை முடிந்ததற்கான மணி.

ஆறாம் வாரம் பரிசோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. லொரெய்ன் நின்றுகொண்டே படித்தார்.

"'விரிவான விசாரணைக்குப் பிறகு, தங்கள் கணவரின் மாதிரி எங்கள் வரவு மேசையில் தொலைந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்துள்ளோம். பொறுப்பான ஊழியர் அந்த மேசையிலிருந்து நீக்கப்பட்டு மறுபயிற்சிக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். தாங்கள் அடைந்த துயரத்துக்கு ஆழ்ந்த வருத்தம்.'" லொரெய்ன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "பாத்தியா நெவ்? நாம சொன்னதுதான் நடந்திருக்கு. நாம சொன்னது சரி."

நெவிலுக்கு அந்த 'நாம' தாங்கவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொலைபேசியில் இமோஜனைப் பிடித்தார்.

"ஒருத்தர்கிட்ட உடனே சொல்லணும். என்னால வேற ஒரு ஆளுக்கு..."

தொலைபேசியிலும் மணி அடித்தது.

"நெவில், இந்த 'உடனே' இருக்கு பாருங்க, இது ரொம்ப நல்ல அறிகுறி. அதை அப்படியே பிடிச்சு வைங்க. உளவியலருக்கு அது தேவைப்படும்."

"எப்ப?"

"செப்டம்பர்ல."

அப்போது ஜூன்.

ஏழாம் வாரம் டோரீன் வரவில்லை. அவருடைய நாற்காலியும் இல்லை.

"டோரீன் பட்டியல்லேருந்து விடுபட்டுட்டாங்க" என்றாள் இமோஜன்.

இமோஜனுடைய மூக்கு சிவந்தது. அவள் மணியைப் பார்த்தாள். தனக்கே அடிக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு படிவங்களை நீட்டினாள். அழிப்பான் டோரீனுடையது. அதனால் அந்த வாரம் யாரும் அழிக்க முடியாமல், முதலிலேயே ஐந்து போட்டார்கள்.

எட்டாம் வாரம் சான்றிதழ் விழா. குடும்பத்தாரும் வரலாம். லொரெய்ன் நீலக் கோட்டு அணிந்து வந்தார். ஆயத்தப் பிரிவின் தலைவர் டாக்டர் ஃபேர்லி பேசினார். மெலிந்த மனிதர். கைகளைக் கூப்புவதுபோல வைத்துக்கொண்டு பேசுவார்.

"காத்திருப்பு என்பது சிகிச்சை இல்லாத நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காத்திருப்புதான் நாங்கள் தருகிற கவனிப்பு. சிகிச்சை என்பது அது முடிந்துபோகிற நேரம். இந்த மருத்துவமனையில் இன்று உளவியலர் ஒருவர் இருக்கிறார். அவரும் வாரம் இரண்டு நாள். ஆனால் ஆயத்தப் பிரிவில் நாங்கள் பதினோரு பேர் இருக்கிறோம். நோயாளியை இவ்வளவு மதிக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?"

கைதட்டல்.

"இந்த ஆண்டு மட்டும் பத்தொன்பது பேர், உளவியலரைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல், பட்டியலிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். பத்தொன்பது!"

மறுபடியும் கைதட்டல். லொரெய்னும் தட்டினார். விடுபடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. நெவிலின் கை மடியிலேயே கிடந்தது. பத்தொன்பதாவது ஆள் மீன் வறுத்தவர் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து அவர் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். சான்றிதழில் அதே வாத்து. "ரெண்டு வார்த்தை சொல்லுங்க, நெவில்" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒரு விஷயம் இருக்கு" என்றார் நெவில்.

"அருமை. இந்த நிதானத்தைக் கவனியுங்கள்" என்றார் டாக்டர், சபையைப் பார்த்து.

நெவில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போனார்.

"நான் அதை அனுப்பவே இல்ல, லொரெய்ன். அந்த உறையை. அடுப்படி டிராயர்ல இருக்கு. தபால் பெட்டியில போட வெட்கமா இருந்துச்சு. போட்டுட்டேன்னு பொய் சொன்னேன். அப்புறம் நீ எழுதினதுல கையெழுத்தும் போட்டேன். அங்க யாரும் எதையும் தொலைக்கல. தண்டனை மட்டும் வேற யாருக்கோ கிடைச்சிருக்கு."

டாக்டர் ஃபேர்லி இமோஜனைத் திரும்பிப் பார்த்தார். "மணி" என்றார் தணிந்த குரலில். இமோஜன் மணியை மடியில் வைத்து, அதன் நாக்கை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

டாக்டர் சமாளித்துக்கொண்டார். கைகளைக் கூப்பினார்.

"பாருங்கள்! எட்டு வாரத்துக்கு முன்பு வாயைத் திறக்காத மனிதர். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு இனி சிகிச்சை எதற்கு? இருபது!"

கைதட்டல் முடியும்போது லொரெய்னின் நாற்காலி காலியாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் லொரெய்ன் கேட்டது இரண்டே வார்த்தை. "எந்த டிராயர்?" அதைத் திறந்தார். கால அட்டவணைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டு பிரியாமல் அப்படியே இருந்தது. அதை மேசை நடுவில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நெவில் அதன் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

காலையில் லொரெய்ன் நீலக் கோட்டோடு வந்து நின்றார். "எழுந்திரு. பரிசோதனைக்கூடத்துக்கு எந்த பஸ்?"

"ஐம்பத்தெட்டு."

"நான் வர்றது உனக்காக இல்ல. அங்க மாட்டிக்கிட்ட அந்த ஜீவனுக்காக."

பஸ்ஸில் லொரெய்ன் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தார். நெவில் பின் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, "நெவ் அண்ணே! எப்படி இருக்க?" என்று கத்தினான். நெவில் கையை மட்டும் தூக்கினார்.

பரிசோதனைக்கூடத்தின் முன்மேசையில் இருந்தவர், அந்தப் புகார் விசாரித்து முடிக்கப்பட்டது, முடிந்ததைத் திறக்க முடியாது என்றார்.

"நான்தான் புகார் கொடுத்தவன். பொய்ப் புகார்ங்க."

"தீர்ப்பு உங்க பக்கம்தானே வந்திருக்கு? அப்புறம் என்ன?"

"சரி. அவங்களையாவது பார்க்கணும். மாத்தினீங்களே, அவங்களை."

பின்கட்டில் ஒரு ஜன்னலில்லாத அறை. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் காலிக் குப்பிகளை உறைகளில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் பெயர் இருந்தது. பாலின். லொரெய்ன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நான் நெவில் ஹெப்வொர்த்" என்றார் நெவில்.

பாலினின் கை நின்றது. "உங்க பேரு எனக்கு மனப்பாடம்" என்றார்.

நெவில் உறையை மேசையில் வைத்தார். சொல்லவேண்டியதைச் சொன்னார். ஒத்திகை பார்த்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. நிதானம் இல்லை, இடைவெளி இல்லை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் மணி அடிக்கவில்லை.

பாலின் உறையின் ஒட்டைத் தடவிப் பார்த்தார்.

"பிரிக்கக்கூட இல்லையே."

"இல்ல."

"நான் மேசைக்கு அடியில தேடினேன். கார்ல தேடினேன். என் கோட்டோட உள்துணியைக் கிழிச்சுப் பார்த்தேன் தெரியுமா? மறுபயிற்சியில எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க, எப்படித் தொலைச்சேன்னு. தொலைக்கலன்னு எழுதினா பயிற்சி முடியாதாம். அதனால எழுதிக் கொடுத்துட்டேன். டீக் கோப்பைக்கு அடியில ஒட்டிக்கிட்டுக் குப்பைக்குப் போயிருக்கும்னு. நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டினாங்க." உறையைத் தள்ளி வைத்தார். "எழுதினப்புறம் எனக்கே அப்படித்தான் நடந்ததுன்னு ஆயிடுச்சு. ராத்திரியில அந்தக் கோப்பை கண்ணுக்குத் தெரியுது."

நெவில் தலையைத் தூக்கவில்லை. பாலின் தன்மேல் எதையாவது வீசி எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ எழுந்து போய் ஒரு முத்திரையையும் பதிவேட்டையும் எடுத்து வந்தார்.

"விசாரணையைத் திறக்க மாட்டாங்க. ஆனா உறை வந்து சேர்ந்துடுச்சுன்னா அது தொலையலன்னு ஆயிடும். தாமதமா வந்ததுன்னு போட்டுடறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

"உள்ள ஒண்ணும் இல்லீங்களே."

"உறைக்குத்தான் இங்க பதிவு. உள்ள இருக்கறதை யாரு பார்க்கறா?"

முத்திரை விழுந்தது. வந்து சேர்ந்தது. பாலின் 'தாமதம்' என்ற கட்டத்தைத் தேடினார்.

"தாமதம்னு வேண்டாம்" என்றார் நெவில். "அனுப்பலன்னு போடுங்க. பொய் சொன்னான்னு போடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல."

நெவில் பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டங்களுக்கு வெளியே, ஓரத்து வெள்ளையில், குனிந்து எழுதினார். 'அனுப்பவில்லை. அனுப்பியதாகப் பொய் சொன்னேன். பாலின் எதையும் தொலைக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். இந்த முறை யாரும் அவரிடம் கண்ணாடி வேண்டுமா என்று கேட்கவில்லை. பாலின் அதை இரண்டு முறை படித்தார். நன்றி சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் லொரெய்ன் ஜன்னலோரம்தான். பக்கத்தில் கைப்பை. நெவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நிறுத்தம் போயிற்று. வயிற்றில் தையல் போட்ட தழும்பு இழுத்தது. பிடியை மாற்றிக்கொண்டார்.

சந்தை ரோட்டில், டோரீன் வேலை பார்த்த கடையைத் தாண்டும்போது, லொரெய்ன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப எவ்வளவு போடுவ?"

"பத்து."

"ம்." பஸ் ஒரு வளைவு திரும்பியது. "பத்து சரி. கொஞ்ச நாளைக்குப் பத்துலயே இரு."

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.